பதிவு வேறு, தரம் வேறு: அறபுக் கல்லூரி நிருவாக சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிருவாக சபைத் தலைவர்களுக்கும் அதிபர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இஸ்லாமிய மார்க்கக் கல்வி தரும் உங்கள் அறபுக் கல்லூரியின் அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குவது இலங்கை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழ். அது உங்களை ஒரு நிறுவனமாக ஏற்கிறது. ஏழு வருடம் ஓதி முடித்த மாணவர் எந்த மட்டத்தில் இருக்கிறார் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் சேர்க்கை விளம்பரங்களில் "அரச அங்கீகாரம் பெற்றது", "பட்டப்படிப்புக்கு நிகரானது" என்ற இரண்டு வாசகங்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகின்றன. முதலாவதைப் படிக்கும் பெற்றோர் இரண்டாவதையும் அரசே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உயர்கல்வித் தர உறுதிப்பாட்டு வேலையில் பழகிய சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு மத்ரஸாக்கள் (மார்க்கக் கல்வி நிலையங்கள்) பற்றி நாட்டில் நடந்த பேச்சு பெரும்பாலும் பதிவு, கண்காணிப்பு, பாதுகாப்பு என்ற மூன்று சொல்லைச் சுற்றியே போனது. கல்வித் தரத்துக்கு அந்தப் பேச்சில் அதிக இடம் கிடைக்கவில்லை. இப்போது பல கல்லூரிகள் தம்மை உயர்கல்வி நிறுவனம் என்று அழைக்கத் தொடங்கியிருக்கின்றன. அப்படி அழைத்துக்கொள்வதென்றால் என்னென்ன வேலை காத்திருக்கிறது என்று சொல்வதுதான் நோக்கம்.

முதலில் சட்டம். இந்த நாட்டில் பட்டம் வழங்க இரண்டே வழிகள். பாராளுமன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழகமாகவோ உயர்கல்வி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். அல்லது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ், உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சர் வர்த்தமானி மூலம் பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகரிக்க வேண்டும். 25அ அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் சேர்த்துக் கிடைக்கும் அதிகாரம் அல்ல. குறிப்பிட்ட பட்டத்தைப் பெயர் சொல்லிக் கொடுப்பது. ஒரு கற்கைநெறிக்குக் கிடைத்ததை இன்னொன்றுக்கு இழுத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டு வழியிலும் வராத ஒரு கல்லூரி தன் சான்றிதழில் "கலைமாணி" என்று அச்சடித்தால், அது எத்தனை நல்ல கல்வியாக இருந்தாலும் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பெறுமதி இல்லை.

பௌத்த துறவிகள் படிக்கும் பிரிவெனாக்களுக்கு 1979இலேயே 64ஆம் இலக்கப் பிரிவெனாக் கல்விச் சட்டம் வந்துவிட்டது. 1981இல் பௌத்த, பாளிப் பல்கலைக்கழகத்துக்கென்று தனிச் சட்டம். கீழிருந்து மேலே ஏற ஒரு படிக்கட்டு அவர்களுக்கு உண்டு. 1884இல் வெலிகமவில் மத்ரஸதுல் பாரி தொடங்கிய காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் அறபுக் கல்லூரிகளின் வயது 140ஐத் தாண்டுகிறது. படிக்கட்டு இன்னும் இல்லை. அதற்கு அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு இருக்க முடியாது. ஒரு சட்டமூலம் எழுத உட்காருபவர் முதலில் கேட்பது "உங்கள் ஐந்தாம் வருடத்தில் என்ன மட்டத்தில் என்ன கற்பிக்கிறீர்கள்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு எல்லாக் கல்லூரிகளும் ஒப்பும் ஒரு விடையை நாம் இதுவரை எழுதி வைக்கவில்லை.

அந்த விடையை எழுத ஒரு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இலங்கைத் தகைமைகள் சட்டகம் 12 மட்டங்கள் கொண்டது. பாடசாலையின் க.பொ.த. சாதாரண தரம் 1ஆம் மட்டம், க.பொ.த. உயர்தரம் 2ஆம் மட்டம். டிப்ளோமா 3ஆம் மட்டம், 30 கிரெடிட். உயர் டிப்ளோமா 4ஆம் மட்டம், 60 கிரெடிட். பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90. சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120. ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலம். விரிவுரை, தனிப்படிப்பு, ஒப்படை, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு கல்வியாண்டு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம்.

இங்கேதான் பெரும்பாலான கல்லூரிகள் முதல் பிழையை விடுகின்றன. ஏழு வருடத்தை 30ஆல் பெருக்கி, "எங்களிடம் 210 கிரெடிட் இருக்கிறது, சிறப்புப் பட்டத்துக்கே 120தான் வேண்டும்" என்கிறார்கள். சட்டகத்தில் 3ஆம் மட்டத்திலிருந்து 6ஆம் மட்டம்வரை எந்தக் கற்கைநெறிக்கும் நுழைவாயில் 2ஆம் மட்டம், அதாவது உயர்தரமோ அதற்கு நிகரானதோ. சாதாரண தரத்தோடு பிள்ளையைச் சேர்த்து, முதல் இரண்டு மூன்று வருடத்தில் நஹ்வு, ஸர்பு என்ற அறபு இலக்கண அடிப்படையையும் உயர்தரப் பாடங்களையும் கற்பிக்கும் கல்லூரியில் அந்த வருடங்கள் 2ஆம் மட்டத்துக்கே உரியவை. எட்டாம் வகுப்போடு சேர்க்கும் கல்லூரிகளின் நிலை இன்னும் பின்னால். (5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதால் அந்தக் கல்லூரிகள் தரம் பற்றி யோசிக்கும் முன் சட்டம் பற்றி யோசிக்க வேண்டும்.) ஆகவே ஏழு வருடத்தில் உயர்கல்வியாகக் கணக்கில் வரக்கூடியது நான்கு, மிஞ்சினால் ஐந்து வருடம். அது சிறிய அளவல்ல. ஆனால் அந்தக் கோட்டை எங்கே கிழிக்கிறீர்கள் என்பதைப் பாடத்திட்டத்தில் எழுத வேண்டும். "இந்த வருடம் வரை அடிப்படைக் கற்கை, இதற்குப் பிறகு உயர்கல்வி" என்ற ஒரு வரி, அதற்கு ஒரு நுழைவுத் தகைமை, அந்தத் தகைமையைக் காட்டும் பெறுபேற்று ஆவணம். இந்த மூன்றும் இல்லாத கற்கைநெறியை, தரத்தை மதிப்பிட வரும் எந்த மீளாய்வாளரும் மேற்கொண்டு படிக்கமாட்டார்.

இரண்டாவது பிழை மணித்தியாலக் கணக்கு. வழக்கமான ஒரு நேரசூசியை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பாடம். ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு 5 பாடவேளை. ஒரு பாடவேளை 40 நிமிடம். ஹிஜ்ரி (இஸ்லாமிய) நாட்காட்டியின் ஷவ்வால் மாதத்தில் தொடங்கி ஷஃபானில் முடியும் ஆண்டில் விடுமுறை கழித்து 36 கிழமை. ஒரு பாடத்துக்கு 36 x 5 x 40 = 7200 நிமிடம், அதாவது 120 மணித்தியாலம். எட்டுப் பாடத்துக்கும் 960. விரிவுரை வகைப் பாடத்தில் 15 மணித்தியால வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்ற வழக்கத்தை அப்படியே பிரயோகித்தால் ஆண்டுக்கு 64 கிரெடிட் வரும். தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 64 கிரெடிட் என்றால் 3200 மணித்தியாலக் கற்றல். 36 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 89 மணித்தியாலம், ஜும்ஆ நாளான வெள்ளியும் சேர்த்து நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல். ஐந்து வேளைத் தொழுகை, சாப்பாடு, குளிப்பு, உறக்கம் போக ஒரு பிள்ளையால் அது முடியுமா என்று மீளாய்வாளர் கேட்பார். பதில் இராது.

சரியான கணக்கு மறுபக்கத்திலிருந்து வர வேண்டும். ஆண்டுக்கு 30 கிரெடிட், 1500 மணித்தியாலம் என்று முதலில் பூட்டிவிடுங்கள். வகுப்பே 960 என்றால் தனிப்படிப்புக்கு மிஞ்சுவது 540, கிழமைக்கு 15. பட்ட மட்டத்தில் இது தலைகீழ் விகிதம்: உஸ்தாத் (ஆசிரியர்) பேசுகிறார், மாணவர் கேட்கிறார், தானாகத் தேடிப் படிக்க நேரமில்லை. வகுப்பை 600ஆகக் குறைத்து 900ஐ மாணவரின் சொந்தப் படிப்புக்கு விடுங்கள். கிழமைக்கு 25 மணித்தியாலம் வரும். இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாணவர் தானாகப் பாடம் பார்க்கும் முதாலஆ நேரம் உங்கள் விடுதிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சக மாணவருக்குப் பாடத்தைத் திருப்பிச் சொல்லும் தக்ராரும் இருக்கிறது. அந்த நேரத்துக்கு எழுத்தில் ஒரு வேலை கொடுக்கப்படாமல் இருப்பதுதான் குறை. "நாளைய பாடத்தைப் பார்த்து வா" என்பது வேலை ஆகாது. "இந்த மஸ்அலாவில் (சட்டப் பிரச்சினையில்) ஷாபிஈ மத்ஹபின் (சட்ட மரபின்) வலுவான கருத்தையும் ஹனபிக் கருத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி வா, எந்தக் கிதாபின் (நூலின்) எந்தப் பாகம், எந்தப் பக்கம் என்று குறிப்பிடு" என்றால் அது வேலை. அந்த ஒரு பக்கம் கோப்பில் இருந்தால் தனிப்படிப்பு நடந்ததற்கு அதுவே ஆதாரம்.

பாடத்திட்டத்தைப் பற்றி. நமது பாடத்திட்டங்கள் கிதாபின் பெயரும் பாகமுமாகவே எழுதப்படுகின்றன: "பிக்ஹு (மார்க்கச் சட்டம்), நான்காம் வருடம், நிகாஹ் (திருமணப்) பாகம் முதல் இறுதிவரை." இதை வைத்து ஆசிரியர் எதுவரை போக வேண்டும் என்று அறியலாம். மாணவர் எதைச் செய்யக்கூடியவராக வெளியே வருவார் என்பதை அறிய முடியாது. கிதாபைக் கைவிடச் சொல்லவில்லை. கிதாப் பாதை, கற்றல் பேறு சேருமிடம். இரண்டையும் எழுதுங்கள்.

வாரிசுரிமைப் பங்கீட்டைக் கற்பிக்கும் பராஇழ் பாடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பரீட்சைத்தாளில் "பிள்ளைகள் இருக்கும்போது மனைவியின் பங்கு எவ்வளவு?" என்று கேட்டால் விடை 1/8. மனப்பாடம். அது சாதாரண தர மட்டத்துக்கே போதும். அடுத்த படி: "ஒருவர் மனைவி, தாய், இரண்டு மகன், ஒரு மகளை விட்டு இறந்தார். கடனும் அடக்கச் செலவும் போக 1 கோடி 20 இலட்சம் ரூபாய் எஞ்சியது. பிரித்துக் காட்டுக." மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, மிச்சம் 17/24 பிள்ளைகளுக்கு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று ஐந்து பங்கு. மூலம் 24ஐ 5ஆல் பெருக்கி 120 ஆக்கினால் மனைவிக்கு 15 இலட்சம், தாய்க்கு 20, மகன் ஒவ்வொருவருக்கும் 34, மகளுக்கு 17. இது பிரயோகம். பட்ட மட்டத்துக் கேள்வி இதற்கும் மேலே போக வேண்டும்: "அந்த மகன்களில் ஒருவர் தந்தைக்கு முன்பே இறந்து, அவருக்கு ஒரு மகன் இருந்தால் அந்தப் பேரனுக்கு என்ன கிடைக்கும்? உயிரோடிருக்கும் மகன் அவரைத் தடுப்பதன் அடிப்படை என்ன? மூன்றில் ஒன்று வரையான வஸிய்யத் (மரணசாசனம்) இந்த இடைவெளியை எந்த அளவுக்கு நிரப்பும்? 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைவழிச் சட்டம் இறந்தவரின் மத்ஹபைப் பின்பற்றச் சொல்வதால் நீதிமன்றத்தில் இது எப்படி எடுத்தாளப்படும்?" மூன்று கேள்வியும் ஒரே பாடம். மட்டம்தான் வேறு. உங்கள் கடந்த ஐந்து வருட இறுதிப் பரீட்சைத்தாள்களை எடுத்து வைத்து, ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் "மனப்பாடம்", "பிரயோகம்", "பகுப்பாய்வு" என்று பென்சிலால் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாலை வேலை. மனப்பாடம் 100க்கு 70ஐத் தாண்டினால், அந்தத் தாள் என்ன பெயரில் இருந்தாலும் பட்ட மட்டத்துத் தாள் அல்ல.

பரீட்சை என்று வந்துவிட்டதால் அதிலேயே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டுக் கற்கைநெறி மீளாய்வுக் கைநூல் 8 அளவுகோல்களும் 156 தர நியமங்களும் கொண்டது. மொத்தம் 1000 புள்ளி. மனித, பௌதிக வளம் இரண்டுக்கும் சேர்த்து 100தான். கற்கைநெறி முகாமைத்துவம், கற்கைநெறி வடிவமைப்பு, பாட அலகு வடிவமைப்பு, கற்பித்தல், மாணவர் மதிப்பீடு ஆகிய ஐந்துக்கும் தலா 150. மாணவர் ஆதரவுக்கு 100, புத்தாக்கத்துக்கு 50. அறபுக் கல்லூரிகளுக்கு இந்தக் கைநூல் இன்று கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் செலவுப் பட்டியலை அந்த நிறைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மாடி, பளிங்குத் தரை, வளைவு வைத்த முகப்பு எல்லாம் அந்த 100க்குள் ஒரு பங்கு. வினாத்தாள் எழுதும் முறைக்கும் திருத்தும் முறைக்கும் நீங்கள் ஒதுக்கிய தொகை எவ்வளவு? பல இடங்களில் சைபர்.

நாம் பார்க்கும் பொதுவான கோளாறு இது: பாடம் எடுத்தவரே வினாத்தாள் எழுதுகிறார், அவரே திருத்துகிறார், அவரே புள்ளி போடுகிறார், பெறுபேறு அதிபரின் மேசை லாச்சியில் முடிகிறது. விடைத்தாள்கள் அடுத்த வருடம் இருப்பதில்லை. நபிமொழியை (ஹதீஸை) எடுத்துச் சொன்ன அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் பெயர், ஊர், ஆசிரியர், நினைவாற்றல் என்று எடைபோட ஒரு கலையையே வளர்த்த மரபு நமது. அதே மரபைக் கற்பிக்கும் இடத்தில் ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஸனது (அறிவிப்பாளர் தொடர்) அறுந்து போயிருக்கிறது. வினாத்தாளைப் பாடம் எடுக்காத இன்னொருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். விடைத்தாளில் பெயர் வேண்டாம், சுட்டெண் போதும். இரண்டாவது பரீட்சகர் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கையாவது திருத்தட்டும். முதலாமவர் இட்ட புள்ளியை அவர் பார்க்கக்கூடாது. இரண்டுக்கும் 10 புள்ளிக்கு மேல் இடைவெளி வந்தால் மூன்றாமவர். இறுதி வருடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் அவசியம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அறபு, இஸ்லாமிய நாகரிகத் துறையிலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் இயங்கும் இஸ்லாமியக் கற்கைகள், அறபுமொழிப் பீடத்திலோ கேட்டால் ஆள் கிடைக்கும். சகோதரக் கல்லூரியிலிருந்து அழைப்பதானால், "நீ எனக்கு, நான் உனக்கு" என்று ஆகாதபடி மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

வாய்மொழிப் பரீட்சைக்கு வேறு ஏற்பாடு. ஹிப்ழ் (குர்ஆன் மனனம்), தஜ்வீத் (ஓதல் முறை), இபாரத் வாசிப்பு (அறபு நூல் வாசிப்பு) போன்றவற்றில் வாய்மொழியே பொருத்தம். எழுத்துக்கு மாற்றத் தேவையில்லை. ஆனால் இரண்டு பரீட்சகர் தனித்தனித் தாளில் புள்ளியிட வேண்டும், முன்கூட்டி எழுதிய புள்ளித் திட்டம் வேண்டும். இபாரத் வாசிப்புக்கு இஃராப் (சொல்லீற்றுக் குறி) பிழை எத்தனைக்கு எத்தனை கழிவு, பொருள் விளக்கத்துக்கு எவ்வளவு, கேள்விக்கு விடை சொல்வதற்கு எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்து ஒரு வருடம் வையுங்கள். மேன்முறையீடு வந்தால் கேட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

இறுதி வருட ஆய்வு, நீங்கள் பஹ்ஸ் என்று சொல்வது. சட்டகத்தில் ஆய்வு வேலைக்கு ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணித்தியாலம். 6 கிரெடிட் கொடுத்தால் 600 மணித்தியால உழைப்பு காட்ட வேண்டும். நடப்பது என்ன? கடைசி இரண்டு மாதத்தில் தலைப்பு. மக்தபா ஷாமிலா என்ற அறபு நூல் தொகுப்பு மென்பொருளில் தேடி வெட்டி ஒட்டிய பந்திகள். அடிக்குறிப்பில் கிதாபின் பெயர் இருக்கும். எந்தப் பதிப்பு என்று இராது, ஆகவே பக்க எண்ணும் பொருந்தாது. "தொழுகையின் சிறப்பு" என்ற தலைப்பு வருடா வருடம் திரும்ப வரும். இதற்கு மருந்து எளிது: இறுதி ஆண்டுக்கு முந்திய ஆண்டின் முடிவிலேயே இரண்டு பக்க முன்மொழிவு, மேற்பார்வையாளருடன் குறைந்தது எட்டுச் சந்திப்பு, ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட குறிப்பு, எழுதியதை மாணவரே பேசிக் காப்பாற்றும் வாய்மொழி. களத் தலைப்புகள் நம்மைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கின்றன: ஊர் ஸகாத் நிதிகளின் கணக்கு முறை, முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில் தாபரிப்புத் தொகை தீர்மானிக்கப்படும் விதம், 1956ஆம் ஆண்டின் வக்பு (அறக்கொடைச் சொத்து) சட்டத்தின்கீழ் பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர் நியமனம். இவற்றை ஷாமிலாவில் வெட்டி எடுக்க முடியாது.

முஆதலா (சான்றிதழின் நிகர்நிலை ஏற்பு) பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஒன்று உங்கள் சான்றிதழுக்கு முஆதலா தந்திருக்கலாம். கடிதத்தை எடுத்து எதற்கு நிகர் என்று படியுங்கள். அனேகமாக ஸானவிய்யாவுக்கு, அதாவது அந்த நாட்டு மேல்நிலைப் பாடசாலை முடிப்புக்கு. உங்கள் மாணவர் அங்கே முதலாம் வருடத்தில் சேரலாம் என்பதே அதன் பொருள். மதிப்பான விஷயம்தான், ஆனால் அது உங்கள் ஏழு வருடத்தைப் பட்டம் ஆக்குவதில்லை, சொல்லப்போனால் பாடசாலை மட்டம் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் இப்படியே. இரு தரப்பும் சிரித்துக் கைகொடுக்கும் படம் அங்கீகாரம் அல்ல. உங்கள் வளாகத்தில் வெளிநாட்டுப் பட்டம் வழங்குவதாக யாராவது வந்தால் மூன்று கேள்வி போதும்: அந்த நிறுவனம் தன் சொந்த நாட்டில் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றதா, சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா, இந்தக் குறிப்பிட்ட கற்கைநெறியை இலங்கையில் நடத்த அதன் நாட்டுத் தர நிறுவனம் அனுமதித்திருக்கிறதா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை மாணவரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

ஹிஜ்ரி ஆண்டு ஒரு சின்ன விஷயம். மாணவரை அலைய வைக்கும் விஷயம். ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஏழு வருடத்தில் இரண்டரை மாதம் நகர்ந்துவிடும். சான்றிதழில் ஹிஜ்ரி மட்டும் இருந்தால், உயர்தரப் பரீட்சை ஆண்டும் கல்லூரிக் காலமும் ஒன்றோடொன்று மோதுவது போலத் தோன்றி, வெளிநாட்டு அமைச்சின் உறுதிப்படுத்தல் பிரிவிலோ வெளிவாரிப் பட்டப் பதிவிலோ கேள்வி எழும். இரண்டு ஆண்டும், நாள் மாதத்தோடு போடுங்கள். பெறுபேற்று அறிக்கையைத் தமிழ் அல்லது அறபோடு ஆங்கிலத்திலும் கொடுங்கள்; மாணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். சேர்க்கும் நாளில் அறபு ஒலிப்புக்கேற்பப் பெயரைத் திருத்தி எழுதும் வழக்கம் பிற்காலத்தில் சத்தியக்கடதாசியில் போய் முடிகிறது.

ஆசிரியர் தகைமை, நூலகம், கணக்காய்வு பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. செய்ய வேண்டியது உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். வருடாந்தக் கணக்கைப் பட்டயக் கணக்காய்வாளர் பார்த்தால் போதாது. கல்லூரி எதிர்பாராமல் மூட நேர்ந்தால் இருக்கும் மாணவரை எங்கே சேர்ப்பது, பழைய மாணவரின் பதிவேடு யாரிடம் இருக்கும் என்ற ஏற்பாடும் எழுத்தில் வேண்டும். ஸ்தாபகரின் வீட்டு அலுமாரியில் இருக்கும் பதிவேடு அவரோடு போய்விடும்.

அடுத்து உள்ளகத் தரப் பிரிவு. அரச பல்கலைக்கழகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நிலையமும் பீடத்துக்கு ஒரு அலகும் உண்டு. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். மூன்று பேர் போதும்: ஒரு மூத்த உஸ்தாத், அலுவலகத்தில் ஒருவர், வெளியிலிருந்து கல்வித் துறை அனுபவமுள்ள ஒருவர். அதிபர் இதன் தலைவராக இருக்கக்கூடாது. கணக்கெழுதுபவரே கணக்காய்வாளராக முடியாது அல்லவா. பிரிவின் வேலை பாடத்துக்கு ஒரு கோப்பு வைப்பது. அதற்குள் பாட விவரணம், கிழமைவாரித் திட்டம், வருகைப் பதிவு, ஒப்படை மாதிரி, வினாத்தாளும் புள்ளித் திட்டமும், மிக நல்லது, நடுத்தரம், சித்தியடையாதது என்று மூன்று விடைத்தாள், மாணவர் கருத்துப் படிவம், அந்தக் கருத்தை வைத்து ஆசிரியர் அடுத்த தடவை எதை மாற்றினார் என்று அரைப் பக்கம். கடைசியாகச் சொன்ன அரைப் பக்கம்தான் எங்கும் இருப்பதில்லை. படிவங்கள் கட்டுக்கட்டாக இருக்கும், தூசியோடு. ஒரு மாற்றத்தைக் காட்டுங்கள் என்றால் மௌனம்.

இந்தப் பிரிவு மீளாய்வுக்கு மூன்று மாதம் முன்பு விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஐந்து வருடக் கூட்ட அறிக்கைகள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே இரவில் பிறக்கும். அந்தக் காலத்தில் கல்லூரியிலேயே இல்லாத ஒருவர் கூட்டத்துக்குச் சமுகமளித்திருப்பார். மீளாய்வாளர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள். எழுதப்படாத கூட்டத்துக்கு ஒரு குறைப்புள்ளியோடு தப்பலாம். இட்டுக்கட்டிய கூட்டம் அகப்பட்டால் மற்ற எல்லா ஆவணமும் சந்தேகத்துக்குள் போகும். இல்லாததை இல்லை என்று சுயமதிப்பீட்டு அறிக்கையில் எழுதுங்கள். எப்போது செய்வீர்கள் என்று தேதி போடுங்கள். அந்த நேர்மைக்கு மதிப்புண்டு.

திணைக்களத்துக்கும் ஒரு சொல், இந்த மடலின் பிரதி அங்கும் போவதால். பதிவுப் பட்டியலைக் கல்லூரியின் பெயர், ஊர் என்ற இரண்டு நிரலோடு நிறுத்தாதீர்கள். சேர்க்கும் வயது, நுழைவுத் தகைமை, கற்கை வருடம், அதில் உயர்தரத்துக்கு மேற்பட்டது எத்தனை வருடம், பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா இல்லையா, கடைசியாகப் பார்வையிட்ட தேதி என்ற ஆறு நிரலைச் சேருங்கள். பாதுகாப்பு விசாரணையையும் கல்வி மீளாய்வையும் ஒரே பார்வையாளர் குழுவிடம் கொடுக்காதீர்கள். சந்தேகத்தோடு வருபவரிடம் எந்த உஸ்தாதும் தன் பாடத்தின் பலவீனத்தைத் திறந்து பேசமாட்டார். பேசாத இடத்தில் தர மேம்பாடு இல்லை. அறபுக் கல்லூரி மாணவருக்காகப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல் ஆலிம் பரீட்சை தகைமைகள் சட்டகத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை ஆணைக்குழுவோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். அந்த ஒரு தீர்மானம் வந்தால், தனித்தனியாக முஆதலா தேடி அலையும் கல்லூரிகளில் பாதிக்கு அந்த அலைச்சல் தேவைப்படாது.

நிருவாக சபைகளுக்கு எங்கள் யோசனை, உடனே பட்டத்துக்குப் பாயாதீர்கள் என்பது. 1973இல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா போன்ற பெரிய நிறுவனத்துக்கும் ஒரு சிற்றூரில் 60 மாணவரோடு இயங்கும் கல்லூரிக்கும் ஒரே இலக்கு பொருந்தாது. சிறிய கல்லூரிக்கு நியாயமான முதல் இலக்கு, உயர்தரத்துக்குப் பிந்திய ஒரு வருடத்தை 30 கிரெடிட் கொண்ட, 3ஆம் மட்டத்து விவரணங்களோடு ஒத்துப்போகும் டிப்ளோமாவாக வடிவமைப்பது. மட்டத்தை நாமே நமக்குச் சூட்டிக்கொள்ள முடியாது. அதிகாரமுள்ள நிறுவனம் ஏற்கும்வரை விளம்பரத்தில் அந்த எண்ணைப் போடக்கூடாது. மாணவர் அதே காலத்தில் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தால் அவரிடம் சட்டப் பெறுமதியுள்ள பட்டமும் உங்கள் கல்வியும் இரண்டும் இருக்கும். மூன்று நான்கு கல்லூரிகள் ஒரே டிப்ளோமாவைச் சேர்ந்து வடிவமைத்தால் வெளிப் பரீட்சகர், வினா வங்கி, தரப் பிரிவு மூன்றின் செலவும் பங்காகும். ஜமாஅத் (மார்க்க இயக்க) வேறுபாடு இதற்குத் தடையென்று சொல்வீர்கள். நஹ்வுக்கும் பராஇழ் கணக்குக்கும் ஜமாஅத் கிடையாது, அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

வருகிற ஷவ்வாலுக்கு முன் ஒரேயொரு பாடத்துக்காவது மேலே சொன்ன கோப்பைத் தயாரித்து, நேரசூசிக் கணக்கை 1500க்குள் கொண்டுவந்து, சேர்க்கை விளம்பரத்தில் "பட்டப்படிப்புக்கு நிகரானது" என்ற வரியை எடுத்துவிட்டு, உங்கள் சான்றிதழ் உண்மையில் என்ன என்பதை இரண்டு வரியில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். பாட விவரண மாதிரியும் புள்ளித் திட்ட மாதிரியும் கேட்கும் கல்லூரிக்குக் கட்டணமின்றி எழுதித் தரத் தயார்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உயர்கல்வித் தர உறுதிப்பாட்டுப் பணியில் ஈடுபடும் சிலர்

பிரதி: பணிப்பாளர், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம்